கால் புண்ணோடு திரும்பிய கடிதங்கள்

வேப்பங்குளம் என்பது ரெக்கார்டில் உள்ள பெயர். ராஜபாளையம் ரோட்டில் ஓடுகிற பஸ் கண்டக்டர்களுக்கு அது 'கட்டுத்துணி ஸ்டாப்'. வீட்டுக்கு நாலு தறி, தறிக்கு நாள் முழுக்க ஓயாத சத்தம், அந்தச் சத்தத்திலிருந்து இறங்குவதெல்லாம் பேண்டேஜ் துணி, அதுவும் வெள்ளை வெளேரென்று. உலகத்தில் எவன் எங்கே விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாலும் அவன் காயத்தின் மேல் எங்கள் ஊர் நூல் பட வாய்ப்பு உண்டு என்று நாங்கள் கொஞ்சம் திமிராகவே சொல்லிக்கொள்வோம். அந்தத் திமிரோடுதான் பதினோரு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பேண்டேஜ் உற்பத்தியாளர் சங்கம், ஊரான் கம்பெனியிடம் மெயில் வசதியை வாடகைக்கு எடுப்பதா, நம் கடிதம் நம் வீட்டில் இருக்கட்டும் என்று சொல்லி, சொந்தமாக ஒரு மெயில் சர்வர் வாங்கிச் சங்கக் கட்டடத்தின் பின்னறையில், கேரம் போர்டு கிடந்த இடத்தில் வைத்தது. ஊர்க்காரர்களுக்கு சர்வர் என்ற பேர் வாயில் நுழைந்தாலும் மனதில் நுழையவில்லை. பெட்டி என்றே சொன்னோம்.

பெட்டிக்குக் காவல் ஆவுடைச்செல்வி. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவளை சங்கம் கிளார்க்காக எடுத்தது. அவள் தானே படித்து, தானே தப்புப் பண்ணி, தானே திருத்தி, அந்தப் பெட்டியின் நாடித்துடிப்பு தெரிந்தவள் ஆனாள். கரண்டு போனால் பேட்டரி தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும், அறை சூடானால் ஏசியைத் தட்ட வேண்டும், இடம் நிரம்பினால் காலி செய்ய வேண்டும், வாரத்துக்கு ஒரு பூட்டு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கண்காணாத தேசத்துக் களவாணிப் பயல்கள் உள்ளே வந்து குடியிருந்துவிடுவார்கள். பதினோரு வருஷமாக அவள் ஒரு ராத்திரி வெளியூரில் தங்கியதில்லை. கல்யாணத்துக்குப் போனால் மொய் எழுதிவிட்டு, பந்தியில் தயிர் வருவதற்குள் எழுந்து, அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, சங்கத் தலைவர் சீனிராஜ் அண்ணாச்சி புது வீடு கட்டும் வரைக்கும். எங்கள் பக்கத்தில் ஒரு விசேஷத்துக்கு ஆயிரம் பேரைக் கூப்பிட்டு ஒருத்தரை விட்டுவிட்டால், வந்த ஆயிரம் பேர் பேச்சு நிற்காது, விட்டுப்போன ஒருத்தர் பேச்சுதான் மூணு தலைமுறைக்கு நிற்கும். அண்ணாச்சி அந்தப் பயத்தில் வளர்ந்தவர். ஆகவே ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தை மாதம் ஒன்பதாம் தேதி, பெட்டியின் விலாசப் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும், ஹாம்பர்க் ஆஸ்பத்திரி முதல் கொழும்பு மருந்துக்கடை வரை பதினோராயிரம் பேருக்கும், ஒரே நாளில், ஒரே மூச்சில், 'குடும்பத்துடன் வந்திருந்து வாழ்த்தியருள வேண்டுகிறேன்' என்று புதுமனை புகுவிழா அழைப்பிதழை மெயிலில் தட்டிவிட்டார். ஆவுடை அன்றைக்குப் பல் டாக்டரிடம் போயிருந்தாள்.

மெயில் போன பதிமூணாம் நாள் காலையில் டீக்கடை முன்னால் அண்ணாச்சி நின்று டீ குடித்துக்கொண்டிருந்தபோது, வடக்கே ரோட்டிலிருந்து இன்னொரு சீனிராஜ் அண்ணாச்சி நடந்து வந்தார். பட்டுச் சட்டை மடிப்புக் கலையவில்லை, நெற்றிக் குங்குமம் கலையவில்லை, கூப்பிய கையும் இறங்கவில்லை. ஆனால் செருப்பு தேய்ந்து காணாமல் போய், இரண்டு பாதமும் கொப்புளமாக வெடித்திருந்தது. "சென்னைக்குப் போனேன். வாசல்ல விடமாட்டேன்னுட்டாங்க," என்று சொல்லி அப்படியே கீழே உட்கார்ந்தார். டீக்கடைக்காரர் எந்த அண்ணாச்சியின் பேரில் டீயை எழுதுவது என்று யோசித்தார். எதிர்வீட்டு வெள்ளத்தாயி அக்கா, முப்பது தறிக்குச் சொந்தக்காரி, எவருக்கும் பயப்படாத மனுஷி, செம்பில் தண்ணீரும் கையில் ஒரு சுருள் பேண்டேஜுமாக வந்து, "பேச்செல்லாம் அப்புறம். முதல்ல காலக் காட்டுங்க," என்றாள்.

வேறு ஊராக இருந்தால் பூசாரியைக் கூப்பிட்டிருப்பார்கள், போலீசைக் கூப்பிட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் புண்ணைக் கண்டால் கட்டுப்போடுவது கைப்பழக்கம். கட்டிக்கொண்டிருக்கும்போதே பாதி விஷயம் விளங்கிவிட்டது. பெரிய பெரிய மெயில் கம்பெனிகளின் வாசலில் நிற்கும் காவல்காரர்கள் எங்கள் ஊர்க் கடிதங்களை உள்ளே விட மறுத்தார்கள். மறுக்கப்பட்ட கடிதம், கீழே யார் பேர் போட்டிருக்கிறதோ அவர் உருவத்தில், எழுதிய அன்று உடுத்தியிருந்த துணியோடு, நடந்தே வீடு திரும்பியது. அவ்வளவுதான் விஷயம். ஏன் எங்கள் ஊருக்கு மட்டும் அப்படி என்று மாவட்டத் தலைநகரிலிருந்து ஒருவர் வந்து விசாரித்தார், அவருக்கும் மோர் கொடுத்து அனுப்பினோம்.

கொஞ்ச நாளில் அவர்களுடைய குணம் எங்களுக்குப் பழகிவிட்டது. கடிதங்கள் சாப்பிடாது, தண்ணீர் மட்டும் குடிக்கும். பஸ்ஸில் ஏறச் சொன்னால் ஏறாது. கடிதத்தில் எழுதியதும், வாசலில் நடந்ததும் தவிர வேறெதுவும் அதுக்குத் தெரியாது. இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால் முழிக்கும். யாருக்கு எழுதினதோ அவரைப் போனில் பிடித்து, கடிதத்தையே அவர் காதில் சொல்லவைத்தால், சொல்லி முடித்த நொடியில் மறைந்துபோகும். காலில் போட்ட கட்டு மட்டும் பாத அளவுக்குச் சுருண்டு தரையில் கிடக்கும். அது முடியாவிட்டால் எழுதினவரே வந்து, "என் எழுத்துதான், திரும்ப எடுத்துக்கிட்டேன்," என்று சொல்ல வேண்டும், அப்போதும் மறையும். ஹாம்பர்க்கிலிருந்து திரும்பிய ஆர்டர் கடிதம் ஒன்று, ஆவுடை எழுதிக் கொடுத்து அண்ணாச்சி பேரில் போனது, "வி லுக் ஃபார்வர்ட் டு யுவர் எஸ்டீம்ட் ரிப்ளை" என்று கணீரென்று இங்கிலீஷ் பேசியபோது, பக்கத்தில் நின்ற நிஜ அண்ணாச்சி தன் வாயைத் தானே ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அழைப்பிதழ்கள்தான் பெரும்பாடு. பதினோராயிரத்தில் கணிசமானவை திரும்பின. ஒரு நாள் ஒன்று, ஒரு நாள் ஏழு, ஒரு வெள்ளிக்கிழமை நாற்பத்திரண்டு. அத்தனையும் பட்டுச் சட்டை, அத்தனையும் கூப்பிய கை, அத்தனையும் புது வீட்டைப் பார்க்க வேண்டும் என்று ஒரே நச்சரிப்பு. வீடோ இரண்டாம் மழைக்கே ஒழுக ஆரம்பித்திருந்தது. அண்ணாச்சி தினமும் காலையில் பல் விளக்கியதும் வரிசையாக நின்றவர்கள் முன்னால் போய், "என் எழுத்துதான், எடுத்துக்கிட்டேன். என் எழுத்துதான், எடுத்துக்கிட்டேன்," என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டி, ஒரு வருஷத்தில் ஆளே மாறிப்போனார். முன்னெல்லாம் எதிரே யார் வந்தாலும் தன்னைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தவர், அதன் பிறகு எதிரே வருவது தானாக இருந்துவிடக் கூடாதே என்று சந்து வழியாகப் போனார். ஊர் எல்லையில் வேப்பமரத்தடியில் ஒரு குடத்தண்ணீரும், ஏற்றுமதிக்குத் தேறாத துணியில் நாலு சுருளும் எப்போதும் இருக்கும்படி, தெருவுக்கு ஒரு வாரம் என்று முறை போட்டோம். கடல் தாண்டிப் போனவை கணுக்காலில் உப்புப் பூத்து வந்தன. கடலை எப்படி நடந்து கடந்தாய் என்று யாரும் கேட்கவில்லை, கழுவிவிட்டோம். தண்ணீர் மேல் நடப்பது மெதுவான வேலை போலும், கொழும்பிலிருந்து வந்தது மட்டும் எட்டு மாதம் எடுத்துக்கொண்டது.

வந்தவர்கள் எல்லாரும் சொன்னது ஒரே மாதிரிதான். காவல்காரன் கேட்பானாம்: எந்த ஊர், எந்தத் தெரு, உனக்கு யார் ஜாமீன்? வேப்பங்குளம் என்றதும் குறிப்பேட்டைப் புரட்டி, உங்கள் தெருக்காரன் ஒருத்தன் ஒரே நாளில் ஊரிலுள்ள கதவையெல்லாம் தட்டினானே, அந்தத் தெருவா என்பானாம். ஆவுடை தன்னால் ஆனதெல்லாம் செய்தாள். ஒவ்வொரு கடிதத்துக்கும் முத்திரை குத்தினாள், தெருப் பட்டியலில் பேரைப் பதிந்தாள், காவல்காரர்களுக்கு மன்னிப்புக் கேட்டு மனுப் போட்டாள். அதில் சில வாசல்கள் திறந்தன. மற்ற மனுக்கள் எல்லாம் ஆவுடைகளாகத் திரும்பி வந்தன, பச்சைச் சேலையில் ஒருத்தி, பூப்போட்ட நைலக்ஸில் ஒருத்தி, காலெல்லாம் புண்ணாக.

ரோட்டில் ஒரு ஆவுடை வருகிறாள் என்று யாராவது சொன்னால் நிஜ ஆவுடை கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள். எல்லை வேப்பமரம் வரை ஓடி, சேலையின் நிறத்தைப் பார்த்து, நடையைக் குறைத்துக்கொள்வாள். அவள் எதிர்பார்த்தது கடுகு மஞ்சளில் பச்சைக் கரை போட்ட சேலையை. அது அவள் அப்பா கடைசியாக எடுத்துக் கொடுத்த சேலை. அதைக் கட்டிக்கொண்டுதான் தை பன்னிரண்டாம் தேதி, அண்ணாச்சி ஊரைக் கூப்பிட்ட மூணாம் நாள், அந்த விவகாரம் எதுவும் இன்னும் வெளியே தெரியாத நேரத்தில், கனடாவில் வின்னிபெக் என்ற ஊரிலிருக்கும் தன் தங்கை கோமதிக்கு அவள் ஒரு கடிதம் எழுதினாள்.

கோமதிக்குப் பிரசவம் ஆனபோது அக்காவை வரச் சொன்னாள். பெட்டியை யார் பார்ப்பது என்று ஆவுடை போகவில்லை. அடுத்த மாதமே இங்கே அப்பா செத்துப்போனார். கைக்குழந்தையோடு கோமதியால் வர முடியவில்லை. துக்கம் தலைக்கேறிய நேரத்தில் ஆவுடை போனில், "கொள்ளி வைக்கிற நேரத்துல வராதவ, இனி எதுக்கும் வர வேண்டாம்," என்று சொல்லிவிட்டாள். நாக்கு சுட்டது தணிய ஒரு வருஷம் ஆயிற்று. பிறகுதான் அந்தக் கடிதம்: நான் சொன்னது தப்பு, மன்னித்துக்கொள், மன்னித்தால் ஒரு வரி எழுது, எழுதாவிட்டால் உனக்கு மனமில்லை என்று புரிந்துகொண்டு நான் இனி உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன் என்று. பதில் வரவில்லை. எழுதியது எழுதியபடி ஆவுடையும் தொந்தரவு செய்யவில்லை, போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தாளே தவிர.

ஆறு வருஷமாக அவளுக்கு இருந்தது ஒரே கேள்வி. கடிதம் போய்ச் சேர்ந்திருந்தால் கோமதி படித்துவிட்டுத்தான் பேசாமல் இருக்கிறாள் என்று அர்த்தம். திரும்பி வந்துவிட்டால் அவள் படிக்கவே இல்லை என்று அர்த்தம். ஊரில் மற்றவர்கள் எல்லாம் கடிதம் திரும்பக் கூடாது என்று சாமி கும்பிட்டபோது, அவள் ஒருத்தி மட்டும் தன் கடிதம் விரட்டப்பட்டு, கால் தேய்ந்து, வந்து சேர வேண்டும் என்று நேர்ந்துகொண்டாள். பள்ளிக்கூடத்து உலக உருண்டையில் நூல் பிடித்து அளந்து, கொழும்புக் கணக்கையும் ஹாம்பர்க் கணக்கையும் போட்டுப் பார்த்து, வந்தால் இந்த வருஷம் சித்திரையை ஒட்டி வர வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் தெரியும்.

அந்தச் சித்திரைக்கு முந்தின மாசியில்தான் பெரிய அடி விழுந்தது. கேரளத்தில் ஒரு புது ஆஸ்பத்திரி, எங்கள் ஊர்த் தறி முழுவதும் எட்டு மாதம் ஓடினால்தான் தீரும் ஆர்டர், அதற்கு அண்ணாச்சி அனுப்பிய விலைப்பட்டியல் கெடு முடிந்து நாலாம் நாள், தென்மலை வழியாக, அண்ணாச்சியாகவே நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தது. வெள்ளத்தாயி அக்கா கட்டுப்போட்டு முடித்த கையோடு சங்கத்தைக் கூட்டச் சொன்னாள். மறுவாரம் சங்கத்தில் கூட்டம்.

மதுரையிலிருந்து ஒரு மெயில் கம்பெனியின் ஆள், டேவிட் பிரபாகர் என்று பேர், வந்திருந்தார். வேர்த்துக் கொட்டினாலும் டையைத் தளர்த்தாத ஆள். ஆனால் வழியில் வேப்பமரத்தடியில் ஒரு கடிதத்துக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டுத்தான் வந்தார் என்ற செய்தி அவருக்கு முன்னாலேயே கூட்டத்துக்கு வந்துவிட்டது.

"இனிமே சொந்தப் பெட்டி வேண்டாங்க," என்றார் அவர். "உங்க கடிதம் எங்க வீட்டு வழியாப் போகட்டும். எங்களை எல்லா வாசல்காரனுக்கும் தெரியும். கேள்வி கேக்காம விடுவான். கரண்டு போறது, ஏசி நிக்கிறது, பூட்டு மாத்துறது எல்லாம் எங்க தலைவலி."

வெள்ளத்தாயி அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். "வாடகை வீட்டுல ஒரு ஆணி அடிக்க முடியுமா தம்பி? நாளைக்கே காலி பண்ணுன்னு சொன்னா நாங்க எங்க போயி நிக்கிறது? பக்கத்தூர்ல ஒரு மில்லுக்காரருக்கு ஒருநா காலையில கணக்கை மூடிட்டாகளாம். யார்கிட்டக் கேக்கன்னே தெரியாம அலைஞ்சாரு."

"நியாயமான பயந்தாங்க்கா. அதனாலதான் சொல்றேன், பேரு உங்க பேராவே இருக்கட்டும். எங்க பேர்ல விலாசம் வாங்காதீங்க. விலாசம் சங்கத்தோடதா இருந்தா, எங்களைப் பிடிக்கலைன்னா வேற வீட்டுக்குப் போகலாம், விலாசமும் கூட வரும். மாசத்துக்கு ஒருதடவை கடிதம் எல்லாத்துக்கும் ஒரு நகல் எடுத்து இங்க வச்சுக்கோங்க. நாங்க கதவைச் சாத்தினாலும் உங்க சாமான் உங்ககிட்ட இருக்கும்."

"எங்க கடிதத்தைப் பிரிச்சுப் படிப்பீகளா?"

"படிக்க மாட்டோம்னு எழுதிக் கொடுப்போம். படிக்கவே முடியாதுன்னு சொன்னா அது பொய்யி."

வெள்ளத்தாயி அக்கா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். "பொய் சொல்லல," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள்.

பிறகு எல்லாரும் ஆவுடையைப் பார்த்தோம். பதினோரு வருஷம் குழந்தை வளர்க்கிறதுபோல அவள் வளர்த்த பெட்டி. சண்டைக்கு வருவாள், அழுவாள், சாவியை மேஜையில் எறிவாள் என்று ஆளுக்கொன்று நினைத்திருந்தோம். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"வாடகைக்கே போயிருவோம். இன்னும் முன்னாடியே போயிருக்கணும். நான்தான் வீம்பு பிடிச்சேன். ஒரு ஆளு ராப்பகலா முழிச்சுக் காக்கணும்னா, அது ஊருக்குச் சொந்தப் பெட்டி இல்ல, பெட்டிக்கு அந்த ஆளு சொந்தம். ஆனா..." என்று நிறுத்தி, "பெட்டியை மட்டும் அணைச்சுராதீக," என்றாள்.

ஏன் என்று டேவிட் பிரபாகருக்குத்தான் தெரியவில்லை, எங்களுக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன் புயலில் கரண்டு போய்ப் பேட்டரியும் தீர்ந்து பெட்டி இரண்டு நாள் அணைந்து கிடந்தது. அந்த இரண்டு நாளில் வந்த மூணு கடிதங்கள் ஊரை அடையாளம் தெரியாமல் தாண்டி நடந்துபோய், தென்காசி பஸ் ஸ்டாண்டில் யாரைக் கேட்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தன. வேன் வைத்துக்கொண்டு போனவர்கள் அவை ஏறாததால் கூடவே நடந்து அழைத்துவந்தார்கள். பெட்டியின் ரீங்காரம்தான் அவற்றுக்கு வீடு. வாடகைக்கு மாறிய கையோடு பெட்டியை அணைத்தால், இன்னும் வழியில் இருப்பவை வாழ்நாள் முழுக்க நடந்துகொண்டே இருக்கும்.

"எனக்கு ஒண்ணு வரணும்," என்றாள் ஆவுடை. சொல்ல ஆரம்பித்தவள் எல்லாவற்றையும் சொன்னாள். பிரசவம், கொள்ளி, சுடுசொல், மஞ்சள் சேலை, உலக உருண்டை, நூல். தெரிந்த கதைதான் என்று யாரும் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு ஊர் நாகரிகமாக இருப்பது எப்போதாவதுதான், அன்றைக்கு இருந்தோம். தேதியைச் சொன்னபோது மட்டும் சீனிராஜ் அண்ணாச்சி தலையைத் தூக்கினார்.

"தை பன்னெண்டா?"

"ஆமா அண்ணாச்சி."

"நான் ஒன்பதாந்தேதி." அவர் விரலை மடக்கி எண்ணினார், எண்ண ஒன்றுமில்லாத கணக்கை. "ஊரையே கூப்பிடுறேன்னு நான் போட்ட கூப்பாட்டுல உன் குரல் கேக்காமப் போச்சே தாயி." இத்தனை வருஷத்தில் அவர் எத்தனையோ தடவை 'என் எழுத்துதான்' என்று சொல்லியிருக்கிறார், அன்றைக்குத்தான் அது உள்ளேயிருந்து வந்தது.

டேவிட் பிரபாகர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "இதுல என்னங்க கஷ்டம்? புதுக் கடிதமெல்லாம் எங்க வழியாப் போகட்டும், வரட்டும். பழைய பெட்டி வாங்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம், சும்மா ஓடிக்கிட்டு இருக்கட்டும். வீடு மாறுறவங்க பழைய வீட்டுல கொஞ்ச நாளைக்கு ஒரு ஆளை வைக்கிறது வழக்கந்தானே," என்றார். அவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்பது, கூட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டபோதுதான் எங்களுக்கே தெரிந்தது.

பெட்டிக்கும் தெருமுறை போட்டோம், வேப்பமரத்துக் குடத்துக்குப் போட்டதுபோலவே. கரும்பலகையில் எழுதித் தொங்கவிட்டோம். பேட்டரியில் சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன, பச்சை எரிந்தால் என்ன என்று ஆவுடை எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தாள். வெள்ளத்தாயி அக்கா ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள், அண்ணாச்சிக்கு ஆறு தடவை ஆயிற்று. பங்குனி கடைசியில் கடிதங்கள் புது வழியாகப் போக ஆரம்பித்தன. கேரளத்து ஆஸ்பத்திரிக்கு இன்னொரு கடிதம் போட்டோம். காலை பத்தரைக்குப் போனது, பதினொன்றுக்குப் பதில் வந்தது, அடுத்த ஆர்டரில் பார்க்கலாம் என்று. வேண்டாம் என்ற பதில்கூட இவ்வளவு இனிக்குமா என்று சங்கத்தில் எல்லாருக்கும் கேசரி கிண்டினார்கள்.

சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போன ஆவுடை பதினாறு மணி நேரம் தூங்கினாள். உடம்புக்கு என்னமோ என்று பக்கத்து வீட்டார் கதவைத் தட்ட, எழுந்து வந்து, "ஒண்ணுமில்ல, ஓய்வு," என்று சொல்லிவிட்டு மறுபடியும் போய்ப் படுத்தாள். ஆனால் சித்திரை பிறந்து ஒன்பது நாளாகியும் மஞ்சள் சேலை வரவில்லை. நூல் பிடித்த கணக்குப்படி வந்திருக்க வேண்டிய நாள் கடந்துவிட்டது. படித்திருப்பாளோ, படித்துவிட்டுத்தான் பேசாமல் இருக்கிறாளோ என்ற எண்ணம் திரும்பவும் நெஞ்சைக் கவ்வ, அவளை அப்படியே ரோட்டைப் பார்த்து உட்காரவிட்டால் சரிப்படாது என்று வெள்ளத்தாயி அக்காதான் விரட்டினாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் சங்கத்து டைப்பிஸ்ட் மகளுக்குக் கல்யாணம். "போ. ராத் தங்கு. தயிர் வரைக்கும் உக்காந்து சாப்பிடு," என்றாள்.

பத்தாம் நாள் காலை ஏழு மணி பஸ்ஸில் ஆவுடை ஜன்னலோரம் உட்கார்ந்தாள், மடியில் பையும் பைக்குள் மாற்றுச் சேலையும், எங்கள் ஊர்க்காரர் எவர் பையிலும் இருக்கிற ஒரு சுருள் பேண்டேஜுமாக. பஸ் நாலாவது கிலோமீட்டர் கல்லைத் தாண்டும்போது கண்டக்டர் விசில் ஊதினார். "யக்கா, அந்தா உங்க மெயிலு ஒண்ணு வருது," என்றார், தினமும் சொல்கிற விஷயத்தைச் சொல்வதுபோல.

புளியமர வரிசையின் ஓரமாக, வெயில் படாத பக்கமாகப் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து, ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். கடுகு மஞ்சள். பச்சைக் கரை. ஆறு வருஷம் இளமை. முழங்கால் வரை உப்பு.

பஸ் நின்றது. பஸ்ஸில் இருந்தவர்களுக்கு அவசரம் இருந்திருக்கும், ஆனாலும் எல்லாரும் அந்தப் பக்க ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். ஆவுடை இறங்கி ஓடி, அவளைப் பிடித்து மரத்தடியில் உட்காரவைத்து, பாட்டில் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கட்டுப்போட ஆரம்பித்தாள். எத்தனையோ கடிதத்துக்குக் கட்டிய கைதான், அன்றைக்கு ஒரே முடிச்சை இரண்டு தடவை போட்டது. இரண்டு காலும் கட்டி முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"படிச்சாளா?" என்று கேட்டாள்.

"இல்ல," என்றது கடிதம். "வாசல்ல யாரும் போன்னு சொல்லல. பக்கத்துல ஒரு கொட்டடி இருக்கு, அதுல உக்காரச் சொன்னாங்க. குப்பைக் கடிதம் எல்லாம் அங்கதான் உக்காந்திருக்கு. முப்பது நாள் இருந்தேன். அவ அந்தப் பக்கம் எட்டியே பாக்கல. அப்புறம் வெளிய தள்ளிட்டாங்க."

ஆவுடைக்குச் சிரிப்பு வந்தது. படிக்கவில்லை, அவள் படிக்கவே இல்லை, அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே தன் முகத்தையும் எதிரே இருந்த தன் முகத்தையும் ஒரே முந்தானையால் துடைத்தாள். பிறகு போனை எடுத்து, ஆறு வருஷமாக எடுத்து எடுத்து வைத்த அந்த நம்பரைப் போட்டாள். அங்கே முந்தின நாள் சாயங்காலம் முடிந்திருக்கும். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கப்பட்டது.

"ஹலோ?" என்றாள் கோமதி. ஆவுடை போனைக் கடிதத்தின் கையில் கொடுத்தாள்.

கடிதம் ஒரு எழுத்து பிசகாமல் சொன்னது. "கோமதி, அக்கா எழுதுகிறேன். அப்பா செத்த அன்று நான் சொன்னதைச் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். உனக்குத் துணை தேவைப்பட்டபோது நான் வரவில்லை, எனக்குத் துணை தேவைப்பட்டபோது உன்னை வராதே என்றேன். இரண்டும் என் தப்பு. உன் பிள்ளைக்கு என்ன பேர் வைத்தாய் என்றுகூட எனக்குத் தெரியாது. மன்னித்தால் ஒரு வரி எழுது. எழுதாவிட்டால் உனக்கு மனமில்லை என்று புரிந்துகொண்டு நான் இனி உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன்."

மறுமுனையில் சத்தமே இல்லை. ஆவுடை கண்ணை மூடிக்கொண்டாள். அந்த மௌனம் அவளுக்குப் பழகிய மௌனம், ஆறு வருஷமாகக் கூடவே குடியிருந்த மௌனம். கண்ணைத் திறந்தபோது எதிரே யாரும் இல்லை. போன் புல்லின் மேல் கிடந்தது, பக்கத்தில் இரண்டு கட்டும் பாத அளவுக்குச் சுருண்டு கிடந்தன. போய்ச் சேர்ந்துவிட்டது. போனை எடுத்துக் காதில் வைத்தபோது பஸ்காரர் பொறுக்கமாட்டாமல் ஒரு ஆரன் அடித்தார்.

"அக்கா," என்றாள் கோமதி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "பஸ் சத்தம் கேக்குது. நீ எங்க இருக்க?"

"ஊருக்கு வெளிய. கல்யாணத்துக்குப் போறேன். ராத் தங்கப்போறேன்."

"நீயா?" கோமதி நம்பவில்லை. "அப்ப பெட்டியை யாரு பாத்துக்கிறா?"

ஆவுடை கட்டுத்துணி இரண்டையும் எடுத்துச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள்.

"இன்னைக்கு சீனிராஜ் அண்ணாச்சி முறை," என்றாள்.